பெயரை மறைத்துப் பணிபுரிந்தோர்

தோட்டத்து ஆபீசில் கிராணி வேலைக்கு நாம் சேர்ந்த முதல் ஆண்டில் செய்த ஒரு பிழையை முதற்கண் கூறிப் பின்னர் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். ஒரு நாள் செக்ரோலில் ஓர் அம்மையாரின் பெயருக்கு நேரே குறியிட மறந்துவிட்டோம். சம்பள நாளன்று அவர் வந்து நின்றார். "ஐயா, அன்றைக்கு நான் பெரட்டுக்கு வந்தேனே; மாலைவரை உரம் போட்டேனே; புத்தகத்தில் மட்டும் நான் இல்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டது ஒரு நாட் கூலி. ஆயினும், கூலியினும் பெரிய முறையீடு ஒன்று அச்சொல்லில் இருந்தது. மண்டோர் சாட்சி சொன்னார், குறி இடப்பட்டது, கூலியும் கொடுக்கப்பட்டது. சாட்சி சொல்ல ஒருவரும் இல்லாதிருப்பின் யாதாகியிருக்கும்? உழைத்த உடம்பு ஒருபுறம் நிற்க, உழைக்கவில்லை என்று ஏடு சாதித்திருக்கும்.

ஏட்டில் பெயர் இருக்கவேண்டும் என்று விரும்பியவரின் கதை இது. தம் பெயர் எந்த ஏட்டிலும் இருத்தலாகாது என்பதையே தொழிலின் முதல் விதியாகக் கொண்டு உழைத்தவர் நிலை யாது? யுத்த காலத்தில் வேவுப் பகுதிகளிலும் இரகசியப் படைகளிலும் பணிபுரிந்து மறைந்தோரையே குறிக்கின்றோம். அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளைத் தேடித் தொகுத்துக் காத்தல் வேண்டுமா, வேண்டுமெனின் எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதன் இறுதிக் குறளில், ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்தலாகாது, செய்யின் மறைபொருளை அரசன் தானே வெளிப்படுத்தியவன் ஆவான் என்று எச்சரிக்கின்றார். இவ்வெச்சரிக்கை தொழில் நடக்கும் காலத்திற்கு உரியது. மறைபொருள் மறைபொருளாக இருக்கும்வரை ஒற்றனுக்கு மாலை சூட்டுவது அவன் கழுத்திற்குக் கயிறு மாட்டுவதாகும். யுத்தம் முடிந்து, பகைவர் அரசு அழிந்து, மறைபொருளும் பழங்கதையாகிவிட்ட பின்னர் அவ்விலக்கு நீங்குகின்றது. ஆனால், அவனுக்குப் பட்ட கடன் நீங்குவதில்லை. அக்கடனை அடைப்பதில் தாமதமும் அசட்டையும் நேர்ந்தால் விளையும் கேடு யாதென்பதற்கு இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து ஒரு வரலாற்றைக் காட்டுவோம்.

1940ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பிரான்சு ஜெர்மானியரிடம் வீழ்ந்த சில வாரங்களுக்குள், பிரிட்டிஷ் சர்க்கார் ஓர் இரகசிய அமைப்பை நிறுவினர். தனிப்பணி நிறைவேற்றுக் குழு என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். செய்தி சேகரிப்பதினும் பகைவர் பிடித்த நாடுகளுக்குள் புகுந்து கலகம் விளைத்தலும், பாலங்களையும் இருப்புப்பாதைகளையும் தகர்த்தலுமே அதன் முதன்மைத் தொழில். இலண்டன் பேக்கர் வீதியில் அதன் தலைமையகம் இருந்தது. ஓங்கியிருந்த காலத்தில் ஏறத்தாழ 13,000 பேர் அதில் பணிபுரிந்தனர். பிரான்சுக்கு ஆள் அனுப்பிய பகுதிகளுள் ஒன்றுக்கு மாரிஸ் பக்மாஸ்டர் தலைவர். அவர்க்குத் துணையாக நின்றவர் ருமேனியாவில் பிறந்த வேரா அட்கின்ஸ் என்னும் மாது.

அப்பகுதியினர் நானூறு பேர்க்கு மேற்பட்டோரைப் பிரான்சுக்கு அனுப்பினர். அவருள் 39 பேர் பெண்கள். செல்லும் ஒவ்வொருவர்க்கும் புதுப் பெயர், புதுப் பிறப்பிடம், புதுத் தாய் தந்தையர், புது அடையாளச் சீட்டு. சட்டைப்பையில் ஆங்கில நாட்டு ரயில் சீட்டின் துண்டேனும் கிடந்துவிடுமோ என்று சோதித்தே விமானத்தில் ஏற்றுவர். எழுத்து என்பது அவர்க்கு நஞ்சு. எழுதாதே, வைத்திராதே, எரித்துவிடு என்பதே அவர்தம் பாடம்.

அவ்வாறு சென்றோருள் ஒருவர் நூர் இனாயத் கான். மைசூர்ப் புலி என்று நம்மவர் போற்றும் திப்பு சுல்தானின் வழித்தோன்றல். இந்திய இசைப்புலவரும் சூஃபி ஞானியுமாகிய தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் 1914ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தவர். பாரிஸ் அருகே வளர்ந்தவர். புத்த ஜாதகக் கதைகளைச் சிறுவர்க்கென ஆங்கிலத்தில் எழுதி 1939இல் வெளியிட்டவர். இத்தகைய மெல்லியல்பினர் கம்பியில்லாத் தந்தி இயக்கக் கற்று, 1943 ஜூன் திங்களில் பிரான்சில் இறங்கினார். கம்பியில்லாத் தந்தியாளராக அப்பகுதி பிரான்சுக்கு அனுப்பிய முதற் பெண் அவரே. அவர் இறங்கிய சில நாட்களுக்குள் பாரிஸில் அவர் சேர்ந்த குழுவினர் வரிசையாகப் பிடிபட்டனர். திரும்பிவிடுமாறு இலண்டன் கூறியும் மறுத்து, வீடு மாறி வீடு மாறி ஏறத்தாழ நான்கு மாதம் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார்.

இங்கே ஒரு குறையையும் மறையாது கூறவேண்டும். தாம் அனுப்பிய செய்திகளின் படிகளை நூர் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் காத்து வைத்திருந்தார். அதுவும் கருவியும் பகைவர் கையில் அகப்பட்டன. ஜெர்மானியர் அவர் அனுப்புவதுபோலவே இலண்டனுக்குச் செய்தி அனுப்பினர். இலண்டன் அதை நம்பிற்று. 1944 பிப்ரவரி இறுதியில் பாரசூட்டில் குதித்த மூவர் நேரே பகைவர் கைகளில் வந்து விழுந்தனர். அம்மூவருள் ஒருவர் மாதலேன் தாமர்மான் என்னும் பெண். எழுதி வைத்தது கொல்லும் என்பது இதனால் விளங்கும். எழுதி வையாதது கொல்லும் காலம் பின்னர் வந்தது.

1945இல் ஐரோப்பாவில் யுத்தம் முடிந்தது. பிரான்சுக்குச் சென்றோருள் 118 பேர் திரும்பவில்லை. அவர் உயிரோடுள்ளாரா, எங்கே, எவ்வாறு ஆயினர் என்று ஒருவர்க்கும் தெரியாது. ஹிட்லர் ஆட்சியார் 1941 டிசம்பரில் ஓர் ஆணை பிறப்பித்திருந்தனர். இரவும் மூடுபனியும் என்று அதற்குப் பெயர். அதன்படி பிடிபட்டவர் இருந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடவேண்டும். உற்றார்க்குச் செய்தி இல்லை, கடிதம் இல்லை, கல்லறையும் இல்லை. நூரும் அவ்வகைக் கைதியாகவே வைக்கப்பட்டார். ஆகவே, அவர் பெயரைத் தேடி எழுதுதல் வெறுங் கணக்கு வேலையன்று. பகைவர் செய்ய நினைத்ததைத் தோற்கடிக்கும் வேலையுமாகும்.

1946 ஜனவரியில் இரகசிய அமைப்பே கலைக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பேக்கர் வீதி அலுவலகத்தில் தீப்பிடித்துப் பல பத்திரங்கள் எரிந்தன. எஞ்சியவற்றிலும் வேண்டாதவை என்று கழித்தவை மிகப் பல. தீயினாலும் கழிப்பினாலும் 100க்கு ஏறத்தாழ 87 பங்கு ஏடுகள் அழிந்தன என்பது பிற்கால மதிப்பீடு. ஏடு அழிந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், தாம் வழியனுப்பிய ஒவ்வொருவர்க்கும் தாமே பொறுப்பாளி என்று கருதிய வேரா அட்கின்ஸ் ஜெர்மனிக்குச் சென்றார். சிறைக் காவலர்களையும், சிறையிலிருந்து மீண்டோரையும், பிடிபட்ட நாஜி அதிகாரிகளையும் கண்டு விசாரித்தார். 118 பேருள் ஒருவரைத் தவிர ஏனைய 117 பேரின் முடிவும் அவர்தம் முயற்சியால் தெரியவந்தது. தோட்டத்தில் நூறு பேர்க்குக் கணக்கெழுதும் நமக்கே தலை சுற்றும்; சிதைந்த நாடொன்றில் சிறை சிறையாகச் சென்று இறந்தவர்க்குக் கணக்கெழுதிய அம்மையாரின் பொறுமையை என்னென்பது!

ஆயினும், அத்தகையவர்க்கும் ஒரு பெரும் பிழை நேர்ந்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நாட்ஸ்வைலர் என்னும் இடத்தில் ஒரு நாஜிச் சிறைமுகாம் இருந்தது. 1944 ஜூலை 6ஆம் நாள் அங்கே நான்கு பெண்கள் கொண்டுவரப்பட்டு, விஷ ஊசி போடப்பட்டு, உலையில் எரிக்கப்பட்டனர். ஆந்திரே போரெல், வேரா லீ, டயானா ரௌடன் ஆகிய மூவரும் இன்னாரென்று துணியப்பட்டது. நான்காமவர் யார்? முகாமில் அவரைக் கண்டவர் கூறிய உருவ அடையாளம் நூருக்குப் பொருந்துவதுபோல் தோன்றிற்று. அலுவலக ஏட்டில் இருந்த பெயர்களுள் வேறெதுவும் பொருந்தவில்லை. ஆகவே நான்காமவர் நூரே என்று எழுதப்பட்டது. நூரின் குடும்பத்தார்க்கும் 1946இல் அவ்வாறே தெரிவிக்கப்பட்டது.

உண்மை வேறாக இருந்தது. அந்த ஜூலைத் திங்களில் நூர் உயிரோடிருந்தார். ஜெர்மனியில் போர்ட்ஸ்ஹைம் என்னும் ஊர்ச் சிறையில் கையும் காலும் சங்கிலியால் பிணிக்கப்பட்டுத் தனிக் கொட்டடியில் கிடந்தார். அச்சிறையில் வேறு அறைகளில் பிரெஞ்சுப் பெண்கள் சிலர் இருந்தனர். ஒருவரையொருவர் காணவும் பேசவும் இயலாது. உணவுப் பாத்திரங்கள் கொட்டடி விட்டுக் கொட்டடி செல்லும். அவற்றின் அடியில் நூர் எழுத்துக்களைக் கீறினார். பயிற்சிக்கு முன் விமானப்படையின் பெண்கள் பிரிவில் வழங்கிய நோரா பேக்கர் என்னும் பெயரையும், இலண்டனில் தம் தாயார் வீட்டு விலாசத்தையும் கீறித் தெரிவித்தார். யுத்தத்தின் பின் உயிர்மீண்ட பெண்ணொருத்தி அதை நினைவில் வைத்திருந்து எழுத்தில் தெரிவித்தார். பழைய கணக்குப் பொய்த்தது. மறுவிசாரணை நடந்தது. நூர் 1944 செப்டம்பரில் அச்சிறையிலிருந்து டாக்கௌ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, அத்திங்கள் 13ஆம் நாள் வேறு மூன்று பெண்களுடன் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது 1947இல் உறுதியாயிற்று. அம்மூவருள் ஒருவர், நூரின் கருவியால் ஏமாற்றப்பட்டுப் பகைவர் கையில் குதித்த அந்த மாதலேன் தாமர்மானே.

நேயர்களே, எழுதாதே என்று கற்பிக்கப்பட்ட பெண், எழுதியதால் கேடு விளைத்த பெண், கடைசியில் ஒரு பாத்திரத்தின் அடியில் தம் பெயரை எழுதினார். அவ்வெழுத்தே அவர் வரலாற்றைக் காத்தது. 1949இல் பிரிட்டிஷ் சர்க்கார் அவர்க்கு ஜார்ஜ் சிலுவை என்னும் உயர் விருதை வழங்கினர். 2012இல் இலண்டன் கார்டன் சதுக்கத்தில் அவர் மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது.

நிற்க. நூர் டாக்கௌவில் மாண்டாரெனின் நாட்ஸ்வைலரில் எரிக்கப்பட்ட நான்காமவர் யார்? அவர் பெயர் சோனியா ஒல்ஷனெஸ்கி. 1923இல் ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண், நடனம் பயின்றவர், பாரிஸில் அவ்விரகசிய அமைப்பின் குழுவொன்றுக்குத் தூது சுமந்தவர். 1944 ஜனவரியில் பிடிபட்டார். மாண்டபோது வயது 20. அவர் இலண்டனில் பயிற்சி பெற்று அனுப்பப்பட்டவரல்லர், பிரான்சிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டவர். ஆகவே தேடப்பட்டோர் வரிசையில் அவர் இல்லை. இல்லாதவரைத் தேடுவார் யார்? அவர் மரணமும் சிறிது காலம் மற்றொருவர் பெயரில் எழுதப்பட்டுக் கிடந்தது. 1958இல் எலிசபெத் நிக்கலஸ் என்னும் ஆங்கில மாது தாமே தேடியலைந்து எழுதிய நூலின் வாயிலாகவே அப்பெயர் உலகறிய வந்தது.

தலைமையகத்தின் ஆள் என்றால் ஏட்டில் இடம். உள்ளூரில் சேர்ந்த ஆள் என்றால் இடமில்லை. இருவர் செய்த வேலையும் ஒன்று. இருவர்க்கும் நேர்ந்த சாவும் ஒன்று. ஏட்டில் மட்டும் ஏற்றத்தாழ்வு. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பதைக் கண்டிக்கும் நாம், பதிவேட்டில் கற்பிக்கப்படும் இவ்வுயர்வு தாழ்வையும் கண்டிக்கக் கடமைப்பட்டுள்ளோம். வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்போர் கேட்கவேண்டிய முதற் கேள்வி, ஏட்டில் உள்ளவர் யார் என்பதன்று. ஏட்டில் விடுபட்டவர் யார் என்பதே.

இனி இம்முயற்சிக்குக் கூறப்படும் தடைகளை ஆராய்வோம்.

இரகசியம் காப்பதாக வாக்களித்தவரின் வரலாற்றை வெளியிடுதல் வாக்குத் தவறாகாதோ என்பர் சிலர். இதற்கு ஆங்கில நாட்டார் நடைமுறையில் ஒரு விடை கண்டுள்ளனர். மேற்கூறிய இரகசிய அமைப்பினரின் தனியாள் ஏடுகளில் எஞ்சியவை இலண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒருவர் இறந்தமைக்குச் சான்று காட்டினாலோ, அவர் பிறந்து நூறாண்டு நிரம்பினாலோ அவர் ஏடு திறக்கப்படும். உயிரோடிருப்பவர்க்குக் காவல், இறந்தவர்க்கு வரலாறு. இது நேரிய முறையென்றே கருதுகின்றோம். ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். திறக்கும் நாள் வரும்வரை ஏடு இருக்கவேண்டும். எரித்துவிட்ட ஏட்டுக்கு எந்த நூறாண்டும் பயன் தராது.

வாய்மூடி இருத்தலே வழக்கமாகிவிட்டால் நேரும் இழப்பைப் பிளெச்லி பார்க் என்னும் இடத்தின் வரலாறு காட்டும். பகைவரின் மறைகுறிச் செய்திகளை உடைத்துப் படித்த நிலையம் அது. 1945 தொடக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் அதில் பணிபுரிந்தனர். நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். 1974இல் அச்செய்தி நூலாக வெளிவரும்வரை ஏறத்தாழ முப்பதாண்டு அவர் வாய் திறக்கவில்லை. கணவனிடம் கூறாத மனைவியரும், மக்களிடம் கூறாமலே மறைந்த தாய்மாரும் பலர். இன்று அங்கே ஒரு பெயர்ப்பட்டியல் காக்கப்படுகின்றது. இன்ன பிரிவில், இன்ன காலத்தில், இன்ன வேலை செய்தார் என்று ஒவ்வொருவர்க்கும் சிறு குறிப்பு. தாய் ஒரு சொல்லும் கூறாது மறைந்திருப்பினும் மக்கள் அப்பட்டியலில் அவர் பெயரைக் காணக்கூடும்.

ஒற்றுத் தொழில் வஞ்சகத் தொழில். அதற்குப் புகழ்மாலை எதற்கு என்பது மற்றொரு தடை. புகழ்மாலை வேறு, பதிவு வேறு. பதிவு செய்தல் பூசை செய்தலன்று. நூரின் பயிற்சி ஏட்டில் அவர் அறிவுத் திறத்தைக் குறைவாக மதித்து ஒரு பயிற்சி அதிகாரி எழுதிய வரிகள் இன்றும் உள்ளன. அவற்றை ஒருவரும் அழிக்கவில்லை. அவர் குறிப்புப் புத்தகம் விளைத்த கேடும் மறைக்கப்படவில்லை. அவற்றைப் படித்த பின்னரும் அவர் பெருமை குன்றவில்லை. அஞ்சத்தக்க நிலையில், தவறக்கூடிய ஒரு மனுஷி எவ்வாறு நின்றார் என்பது விளங்குகின்றது. குறையை நீக்கி எழுதினால் தெய்வம் ஒன்று கிடைக்கும். மனிதர் காணாமற் போவர். நமக்கு இருக்கும் தெய்வங்கள் போதும்.

அயல்நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்போர்க்கும் விடையுண்டு. அந்த இரகசிய அமைப்பின் கீழ்நாட்டுக் கிளையே, 1944 முதல் படை 136 என்று பெயர் பெற்று மலாயாவில் இயங்கியது. சிங்கப்பூர்ச் சீனப் பெரியார் லிம் போ செங் அதன் ஆளாக 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இறங்கினார். அவரும் வேறு பெயரிலேயே உலவினார். பிடிபட்டு, 1944 ஜூன் 29ஆம் நாள் பத்து காஜா சிறையில் 35ஆம் வயதில் மாண்டார். 1954இல் சிங்கப்பூர்க் கடற்கரையில் அவர்க்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது.

எதிர்ப்புறத்தில் நின்றோரும் நம்மவரே. இந்திய விடுதலைக்கென்று பினாங்கில் இரகசியப் பயிற்சி பெற்ற இளைஞர் சிலர், 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் மலையாளக் கரைக்குச் சென்று இறங்கினர், பிடிபட்டனர். அவருள் மலாயாவில் வேலை பார்த்த வக்கம் அப்துல் காதர், 1943 செப்டம்பர் 10ஆம் நாள் தோழர் சிலருடன் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். தந்தைக்கு அவர் எழுதிய இறுதிக் கடிதம் காக்கப்பட்டமையால் இன்றும் அவர் குரல் கேட்கின்றது. ஒரு கடிதம் செய்யும் வேலையைப் பாருங்கள்! இரு புறத்தாரின் குறிப்பும் ஒரே நேர்மையோடு காக்கப்படவேண்டும். கட்சி பார்த்துப் பெயரெழுதுவது கணக்குப்பிள்ளைக்கு அழகன்று.

லிம் போ செங்குக்குத் தூண் உண்டு. காட்டில் ஒளிந்திருந்தோர்க்கு அரிசி சுமந்தவர்க்கும், படகு தள்ளியவர்க்கும், செய்தி கடத்தியவர்க்கும் தூண் இல்லை. பலர்க்குப் பெயரும் இல்லை. அவரே நம் நாட்டுச் சோனியாக்கள். அக்கால மாந்தர் அநேகமாக மறைந்துவிட்டனர். ஆயினும், அவரிடம் கதை கேட்ட மக்களும் பேரரும் உள்ளனர். தகரப் பெட்டிகளில் கடிதங்களும் நிழற்படங்களும் உள்ளன. இவை கரையானுக்குப் போகுமுன் நாம் செய்யக்கூடியன சில உண்டு.

ஒருவர்க்கு வழங்கிய எல்லாப் பெயர்களையும் எழுதுக. வீட்டுப் பெயர், பட்டப்பெயர், மறைபெயர் எதையும் விடற்க. நோரா பேக்கரும் நூரும் ஒருவரே என்று தெரிந்திராவிடில் அப்பாத்திரத்தின் எழுத்து வீணாகியிருக்கும். ஊரையும் ஆண்டையும் எழுதுக. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதை இன்னார் கூறக் கேட்டதாகவும் பிரித்தெழுதுக. ஐயமுள்ள இடத்தை ஐயமென்றே எழுதுக. நாட்ஸ்வைலரில் நேர்ந்த பிழை ஐயத்தைத் துணிபாக எழுதியதால் வந்ததே. படத்தின் பின்புறத்தில் படத்திலுள்ளோர் பெயரைப் பென்சிலால் குறித்து வைக்க. பின்னர் ஒரு படியைக் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற்கோ, 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைத் தொகுத்துவரும் சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்று நிலையத்திற்கோ காட்டி, ஏற்பரேல் அங்கே ஒப்புவிக்க. தீ ஒரு வீட்டை எரிக்கும். இரு வீட்டை ஒரே நாளில் எரிப்பது அரிது.

இதற்குப் பெரும் பணம் வேண்டா. பெரும் புலமையும் வேண்டா. ஒரு நோட்டுப் புத்தகமும், கேட்கும் செவியும், பொய் கலவாத கையும் போதும்.

அன்று சம்பள மேசையின் முன் நின்ற அம்மையார்க்கு மண்டோர் சாட்சியாக வந்தார். பெயரை மறைத்துப் பணிபுரிந்தோர் நம் மேசைமுன் வந்து நிற்கப்போவதில்லை. புத்தகத்தில் நான் இல்லையா என்று கேட்கப்போவதுமில்லை. கேளாதவர்க்கு எழுதும் கணக்கில்தான் எழுதுவோனின் நேர்மை விளங்கும். அந்த ஏட்டில் விடுபட்ட குறியை இடுவது இன்று நம் கையில் உள்ளது.